வெளியே வைக்கும் பூனைச் சாப்பாட்டில் இலையான்: பங்குனி, சித்திரை வெயிலுக்கு என்ன வழி?

ஒழுங்கைப்பூனை (வெள்ளவத்தை) · மார்ச் 22, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். மாடிக்குடியிருப்புக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் ஐந்து பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கிறோம். காலை 8 மணிக்கு அவித்த சாளைத் தலையும் சோறும். பின்னேரம் 5 மணிக்குக் கடையில் வாங்கும் உலர் தீனி. இடம் மதிலோரச் சீமெந்துத் தரை, ஒன்றரை மீற்றர் அகலம், மத்தியானம் மட்டும் நேர் வெயில். மின்சார இணைப்பு இல்லை.

காலைச் சாப்பாட்டை வைத்து இரண்டு நிமிடத்தில் இலையான் மொய்த்துவிடுகிறது. மிச்சத்தை மத்தியானம் பார்த்தால் சோற்றுக்குள் வெள்ளையாகப் பொடி முட்டைக் குவியல். மருந்து அடிக்க விருப்பமில்லை, பூனை நக்கும். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை13 · மார்ச் 22, காலை 10.25

தங்கச்சி, முதலில் எந்த இலையான் என்று பாருங்கோ. அதை வைத்துத்தான் வழி.

சாம்பல் நிறம், முதுகில் நாலு கறுப்புக் கோடு என்றால் வீட்டு இலையான். அது குப்பை, சாணி, அழுகல் எதிலும் பெருகும், சோற்றுக்கும் வரும். பச்சையாகவோ நீலமாகவோ மினுங்கிக்கொண்டு, பெருஞ்சத்தத்தோடு வந்து குந்தினால் அது மீன், இறைச்சி, செத்த பிராணி தேடி வருகிற இனம். முதுகில் மூன்று கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம் போல இருந்தால் அது முட்டையே போடாது, நேரே உயிர்ப் புழுவை விட்டுவிட்டுப் போகும். சாளைத் தலை என்கிறபடியால் உங்களுடையது பெரும்பாலும் பச்சை இனமாக இருக்கும்.

இந்த வெக்கையில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிக்கும். வீட்டு இலையான் ஒரு தடவைக்கு 75 முதல் 150 வரை முட்டை போடும். முட்டை முழு இலையானாக வர ஏழு முதல் பத்து நாள் போதும். மத்தியானம் வரை கிடந்த ஒரு கோப்பை மிச்சம்தான் அடுத்த கிழமையின் இலையான்.

ஆகவே விரட்டுவதைப் பற்றி யோசிக்க முதல் நேரத்தை மாற்றுங்கோ. இலையான் வெளிச்சத்தில் பறக்கிற பிராணி. இருட்டினால் சுவரிலும் கொடியிலும் குந்தியிருக்கும். சித்திரையில் கொழும்பில் சூரியன் ஏறத்தாழ 6 மணிக்கு உதித்து 6.15க்கு மறைகிறது. காலைச் சாப்பாடு 5.15க்கு, இரவுச் சாப்பாடு 6.45க்கு. மீன் கலந்ததை இருட்டு நேரத்துக்கு மட்டும் வையுங்கோ. வெளிச்சத்தில் வைத்தே ஆகவேணும் என்றால் உலர் தீனி மட்டும்.

இன்னொன்று: 20 நிமிடம். அதற்கு மேல் எந்த ஈரச் சாப்பாடும் தரையில் இருக்கக்கூடாது. பசித்த பூனை பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும். மிஞ்சுகிறது என்றால் அளவு கூட. நாலு கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு உலர் தீனி மட்டும் என்றால் 55 முதல் 65 கிராம் போதும், அதாவது நேரத்துக்கு 30 கிராம். சோறும் மீனும் கலந்தது என்றால் ஒரு பிடி உருண்டை.

வத்தளைவளவு · மார்ச் 22, காலை 11.02

அண்ணா சொன்னதோடு ஒன்று. மீன் அவித்த தண்ணியைச் சோற்றில் ஊற்றிக் குழைக்காதீர்கள். அந்தத் தண்ணியில்தான் வாடை முழுவதும் இருக்கிறது, தரையில் சிந்தினால் சீமெந்து குடித்துவிடும். பிறகு சாப்பாடே இல்லாத நேரத்திலும் அந்த இடத்தில் இலையான் சுற்றும். தலையை 15 நிமிடம் அவித்து, வடித்து, முள்ளை எடுத்துவிட்டுச் சோற்றோடு இறுக்கிப் பிசைந்து உருண்டையாக வையுங்கள். பரப்பிய சோற்றை விட உருண்டையில் இலையான் குந்த இடம் குறைவு. வெங்காயம், உள்ளி சேர்ந்த கறிச்சட்டி மிச்சம் வேண்டவே வேண்டாம், இரண்டும் பூனைக்கு நஞ்சு.

கோப்பைக்குக் கீழே ஒரு பழைய தரை ஓடு, 40 × 40 சென்ரிமீற்றர் அளவில், வழுவழுப்பானதாகப் போடுங்கள். சாப்பாடு முடிந்ததும் ஓட்டோடு தூக்கிக் கழுவலாம். பிளாஸ்டிக் கோப்பை கீறல் விழுந்து எண்ணெய் பிடிக்கும், எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. எவர்சில்வர் அல்லது பீங்கான் நல்லது.

ஒழுங்கைப்பூனை · மார்ச் 22, மத்தியானம் 12.30

மிகவும் நன்றி. நேரத்தை மாற்றலாம். ஆனால் இரண்டு சிக்கல். ஒரு பயந்த பூனை மற்றவை போன பிறகு காலை 9, 10 மணிக்குத்தான் வரும். அதற்கு ஏதாவது வைத்துவிட்டு வரத்தான் வேண்டும். மற்றது, இரவில் வைத்தால் எலியும் பெருச்சாளியும் வருகிறது. காகம் பகலில்.

தச்சுமேசை (தெகிவளை) · மார்ச் 22, பின்னேரம் 4.15

பிந்தி வருகிற பூனைக்கு இருட்டுப் பெட்டிதான் சரி. இலையான் பறப்பதும் திரும்புவதும் வெளிச்சத்தை வைத்து. வெளிச்சமான இடத்திலிருந்து இருண்ட சிறு வாசலுக்குள் நுழையத் தயங்கும். நுழைந்தாலும் கிளம்பும்போது எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கேதான் போகும். இந்த இரண்டு குணத்தையும் வைத்துத்தான் பெட்டி.

பெட்டி: மூடியோடு 50 அல்லது 60 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, அடர் நிறம். உள்ளே கைபேசி விளக்கை எரியவிட்டு மூடிப் பாருங்கள். வெளியே வெளிச்சம் கசிந்தால் வெளிப்பக்கம் முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளைப் பூச்சு. வெள்ளை வெயிலைத் தள்ளும், கறுப்பு இருட்டைத் தரும். பூச்சு ஒரு கிழமை காய்ந்து வாடை போன பிறகுதான் பாவிக்கலாம். மீன்கடை ரிஜிபோம் பெட்டி சும்மா கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள். பழைய மீன் வாடை போகாது, பூனை கீறிக் கிழிக்கும், சுவருக்குள் எறும்பு குடியேறும்.

வாசல் இரண்டு. ஒரு வாசல் மட்டும் வைத்தால் பயந்த பூனை உள்ளே போகாது, வேறு பூனை வந்து மறித்தால் தப்ப வழி இல்லை. ஒவ்வொன்றும் 15 சென்ரிமீற்றர் அகலம், 17 உயரம். நிலத்திலிருந்து 8 சென்ரிமீற்றர் விட்டு மேலே வெட்டுங்கள். அந்தப் படி மழைத்தண்ணியைத் தடுக்கும், சாப்பாட்டில் நேர் வெளிச்சம் விழாமலும் பார்க்கும். வாசல்கள் நேரெதிரே வேண்டாம், மூலைவிட்டமாக. நேரெதிரே வைத்தால் பெட்டி வெளிச்சக் குழாயாகிவிடும்.

வெட்டும் முறை: கோடு கீறி, கோட்டின் மேல் ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு துளை ட்ரில்லால் போட்டு, இடையை ஆக்ஸோ பிளேட்டால் அறுங்கள். சூடாக்கிய கத்தியால் வெட்டினால் ஓரம் கூராக உறையும். எப்படி வெட்டினாலும் ஓரத்துக்குத் தோட்டக் குழாயை நீளமாகப் பிளந்து கவ்வ வையுங்கள், பூனையின் கழுத்தும் காதும் கீறாது.

திரை: மேசைக்கு விரிக்கும் தடித்த கண்ணாடி பிளாஸ்டிக், அரை மில்லிமீற்றர். புறக்கோட்டையில் மீற்றர் கணக்கில் வாங்கலாம். ஐந்து சென்ரிமீற்றர் பட்டிகளாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி, உள்பக்கமாகத் தொங்க விடுங்கள். ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வேண்டாம், குட்டிகளால் தள்ள முடியாது. துணிப் பட்டி ஒரு நாளிலேயே மீன் வாடை பிடிக்கும்.

முதல் நாளே முழுத்திரையைத் தொங்கவிட்டால் எந்தப் பூனையும் வராது. மூன்று நாள் திரையே இல்லாமல். பிறகு ஓரத்தில் ஒரு பட்டி. இரண்டு நாளுக்கு ஒன்று கூட்டுங்கள். நடுப் பட்டி கடைசியாக.

சாப்பாட்டை இரண்டு வாசலிலிருந்தும் தூரமான மூலையில் வையுங்கள். காகத்துக்கு இந்தப் பெட்டியே பதில், உள்ளே போகாது. எலிக்குப் பதில் இல்லை. இரவு 10 மணிக்குக் கோப்பையை எடுத்தே ஆகவேண்டும்.

ஈரவெயில் · மார்ச் 22, இரவு 8.50

தச்சுமேசை அண்ணாவின் பெட்டியோடு ஒரு போத்தலையும் சேர்த்தால் உள்ளே போன இலையானும் திரும்பி வராது. வெளிச்சத்துக்குப் போகும் குணத்தை முழுதாகப் பயன்படுத்தலாம்.

ஒரே மாதிரியான ஒன்றரை லீற்றர் கண்ணாடி நிறப் போத்தல் மூன்று. முதலாவதின் அடியை மட்டும் அறுங்கள், மூடி போட்டபடி இருக்கட்டும். இரண்டாவதின் கழுத்துப் பகுதியை, மேலிருந்து 10 சென்ரிமீற்றர், புனல் போல அறுத்தெடுங்கள். மூன்றாவதின் நடுவிலிருந்து 4 சென்ரிமீற்றர் வளையம்.

பெட்டி மூடியில், சாப்பாட்டுக்கு நேர் மேலே, வளையத்தின் அளவுக்கு வட்டம் வெட்டி, வளையத்தை 3 சென்ரிமீற்றர் மேலே நிற்கும்படி சிலிக்கன் பசையால் ஒட்டுங்கள். புனலின் வாய் மேலே பார்க்க முதல் போத்தலுக்குள் சொருகி ஓரத்தை ஒட்டுங்கள். பிறகு போத்தலின் அடி விளிம்பில் 2 சென்ரிமீற்றர் பிளவு ஒன்று போட்டு வளையத்தின் மேல் தொப்பி மாதிரி இறக்குங்கள். தொப்பி வெளியே, வளையம் உள்ளே. மாற்றிப் போட்டால் மழைத்தண்ணி பெட்டிக்குள் இறங்கும்.

சாப்பாட்டில் குந்திய இலையான் எழும்பும்போது தலைக்கு மேல் தெரிகிற ஒரே வெளிச்சம் புனல். மேலே ஏறி வாயால் போத்தலுக்குள் போனால் கீழே உள்ள அந்தச் சின்ன ஓட்டையைத் திரும்பக் கண்டுபிடிக்காது, மேலேயே முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு நாளுக்கொருமுறை தொப்பியைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணி வாளியில் அமிழ்த்துங்கள். மருந்தும் இல்லை, இரையும் இல்லை.

தச்சுமேசை · மார்ச் 22, இரவு 9.20

அருமை. இதைச் செய்தால் மீன் இல்லாத சாப்பாட்டுக்குத் திரையே தேவைப்படாது என்பது என் கணிப்பு. திரை பூனைக்குத் தொந்தரவுதான், இல்லாமல் முடிந்தால் நல்லது. மீன் வைக்கிறவர்கள் இரண்டையும் போடுங்கள். பச்சை இலையான் வாடை பிடித்து இருட்டுப் பெட்டிக்குள்ளும் வரும்.

கடற்கரைவீதி · மார்ச் 23, காலை 7.15

இவ்வளவு வேலை தேவையா? வாசலில் நுளம்புச் சுருள் ஒன்று கொளுத்தி வைத்தால், அல்லது சித்திரனெல்லா எண்ணெய் சுற்றிவரத் தடவினால் போதாதா? கற்பூர உருண்டையும் சிலர் போடுகிறார்கள். தண்ணி நிரப்பின பை கட்டித் தொங்கவிடுவதும் பார்த்திருக்கிறேன்.

மருந்துக்கட்டு · மார்ச் 23, காலை 8.05

தம்பி, தயவுசெய்து இதை மட்டும் செய்யாதேங்கோ. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பூனையின் ஈரலுக்குச் சில இரசாயனங்களை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு. மனிதருக்கும் நாய்க்கும் பாதுகாப்பானது பூனைக்கு நஞ்சாவது அதனால்தான். பெர்மெத்ரின் அதில் முதலாவது. நாய்க்கான உண்ணி மருந்து, சில பூச்சித் தெளிப்பான்கள் இவற்றில் அது இருக்கும். பூனையின் மேல் பட்டாலோ, பட்ட இடத்தை நக்கினாலோ நடுக்கம், வலிப்பு, சாவு வரை போகும். நுளம்புச் சுருளில் இருப்பதும் அதே குடும்பத்து மருந்துதான். அளவு சிறிதென்றாலும் மூடிய பெட்டி வாசலில் புகை தேங்கும், உள்ளே மூக்கை வைத்துத் தின்கிற பிராணிக்கு அது கூடாது.

சித்திரனெல்லா, யூக்கலிப்ரஸ், தேயிலை மர எண்ணெய், தேசிக்காய்த் தோல் எண்ணெய் எல்லாமே பூனைக்கு ஆகாது. பாதத்தில் பட்டால் நக்கும். கற்பூரமும் பாச்சை உருண்டையும் அதைவிட மோசம். பினைல், தண்ணியில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கிற கிருமிநாசினிகள், இவற்றால் சாப்பாட்டு இடத்தைக் கழுவவும் கூடாது. சர்க்கரைத் தானியம் மாதிரி வருகிற இலையான் நஞ்சு இரை சிலவற்றில் மெதோமில் இருக்கும். ஒரு சிட்டிகை போதும் பூனையைக் கொல்ல.

தரையைக் கழுவச் சவர்க்காரமும் கொதிநீரும் போதும். கிழமைக்கு ஒருமுறை வெளுப்புத் திரவம் பாவிக்கலாம். ஒரு லீற்றர் தண்ணிக்கு 30 மில்லிலீற்றர், பத்து நிமிடம் விட்டு நன்றாக அலசி, காய்ந்த பிறகு பூனையை விடுங்கோ. பூனை மூத்திரம் பெய்த இடத்தில் நேரே ஊற்றாதேங்கோ. மூத்திரத்தில் உள்ள அமோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கிற வாயு வரும். முதலில் தண்ணியால் கழுவிவிட்டுப் பிறகு.

தண்ணிப் பை பூனைக்குத் தீங்கில்லை, ஆனால் பலனும் இல்லை. இலையான் அந்தப் பையிலேயே குந்தும்.

ஈரவெயில் · மார்ச் 23, காலை 8.40

வினாகிரியும் அப்படித்தான். பழத்தில் சுற்றுகிற சின்னப் பூச்சியை அது கூப்பிடும். பிசின் தாள் தொங்கவிடுபவர்கள் பூனையின் வால் எட்டாத உயரத்தில் போடுங்கள். ஒட்டிவிட்டால் தண்ணி ஊற்றாமல் தேங்காயெண்ணெய் தடவி மெதுவாக உருவி, பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவலாம்.

இரை போட்ட இலையான் பொறி வாங்கினால் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த இரையின் நாற்றம் அயல் முழுவதிலிருந்தும் இலையானைக் கூட்டி வரும். பத்து மீற்றராவது தள்ளி, குப்பை வாளி இருக்கும் பக்கம்.

வத்தளைவளவு · மார்ச் 23, காலை 9.30

மின்சாரம் உள்ளவர்களுக்காக: வீட்டு இலையான் பறக்கும் வேகம் நொடிக்கு இரண்டு மீற்றர் அளவுதான், காற்றை எதிர்த்து இறங்க முடியாது. 16 அங்குல மேசை விசிறியை ஒன்றரை மீற்றர் தள்ளி, நிலத்தோடு நிலமாகக் காற்றுப் போகும்படி வைத்தால் கோப்பைக்கு மேல் ஒன்றும் நிற்காது. மேலிருந்து கீழே வீசினால் பூனைக்குப் பிடிக்காது. கூரை உள்ள இடத்தில் மட்டும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும். மழைச்சாரல் படுகிற இடத்தில் வேண்டாம்.

ஒழுங்கைப்பூனை · ஏப்ரல் 9, காலை 10.10

பெட்டியும் போத்தலும் போட்டாயிற்று, திரை மூன்று பட்டி வரை வந்திருக்கிறது. நேரமும் மாற்றியாயிற்று. இலையான் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் மூன்று விஷயம் கேட்க வேண்டும். போத்தலில் விழுவதை விட மூடியின் உள்பக்கம் நிறைய இலையான் குந்தியிருக்கிறது. எறும்பு வரிசை கட்டி வருகிறது. உலர் தீனி இரவுக்குள் நமுத்துப்போகிறது.

ஈரவெயில் · ஏப்ரல் 9, காலை 10.45

மூடியில் குந்துகிறது என்றால் வேறெங்கோ வெளிச்சம் கசிகிறது. மூடிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள விளிம்பைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான். கறுப்பு நாடா ஒரு சுற்று. அடுத்தது போத்தல் நிழலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி நிழலில் இருக்க வேண்டும், போத்தலுக்கு மட்டும் வானம் தெரிய வேண்டும். போத்தல் தூசி படிந்து மங்கினாலும் இழுக்காது, கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள்.

ஏப்ரலின் முதல் இரண்டு கிழமை கொழும்பில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறது. மதில் நிழல் மத்தியானத்தில் இல்லாமல் போகும். மாசியில் நிழலாக இருந்த இடம் இப்போது வெயிலாக இருக்கலாம். 12 மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்து இடத்தைத் தீர்மானியுங்கள்.

கொட்டாஞ்சேனை13 · ஏப்ரல் 9, காலை 11.20

எறும்புக்கு அகழி. கோப்பையை விட 6 சென்ரிமீற்றர் அகலம் கூடின ஆழமில்லாத தட்டில் இரண்டு சென்ரிமீற்றர் தண்ணி, அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. நடுவில் கவிழ்த்த கிண்ணம், அதன் மேல் கோப்பை. சொட்டு விடாவிட்டால் எறும்பு தண்ணிமேலே நடந்து வந்துவிடும். கோப்பை தட்டு விளிம்பைத் தொட்டாலும் அதுவே பாலம். பூனைகள் சவர்க்காரத் தண்ணியைக் குடிக்காமல் இருக்கப் பக்கத்தில் நல்ல தண்ணி வையுங்கோ.

ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு தேங்கின தண்ணியை மறக்கக்கூடாது. டெங்கு நுளம்பு ஒரு கிழமையில் பெருகிவிடும், முட்டையை நீர்மட்டத்துக்கு மேல் தட்டின் ஓரத்தில் ஒட்டிவிடும். தண்ணியை ஊற்றினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்க்கவேணும். ஒவ்வொரு நாளும் கோப்பையோடு சேர்த்து அகழியையும் எடுத்து, தேய்த்து, கவிழ்த்து வையுங்கோ. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடலாம். பூனைக்குச் சாப்பாடு வைப்பதை எதிர்க்கிற அயலவர்களுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. போத்தல் அறுத்த மிச்சங்களையும் அப்படியே விட்டுவிடாதேங்கோ.

வத்தளைவளவு · ஏப்ரல் 9, மத்தியானம் 1.00

நமுத்தல்: கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றுக்கு அது நடக்கும். பையைத் திறந்தால் மூடி இறுகும் வாளியில் போட்டு நான்கு கிழமைக்குள் முடிக்கிற அளவில் வாங்குங்கள். வெளியே வைப்பதை ஒரு பூனைக்கு ஒரு நேரத்துக்கு 30 கிராமுக்கு மேல் போடாதீர்கள். நமுத்த தீனி வாடையைக் கூடுதலாக விடும், இலையானும் கூடும், பூஞ்சணம் பிடித்தால் அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும். காய வைத்து மறுபடி கொடுப்பது வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

எறிவதையும் யோசித்து எறியுங்கள். மீன் செதிலும் குடலும் குப்பை எடுக்கும் நாள் வரை வாளியில் கிடந்தால் பெட்டியால் என்ன பயன்? பையில் கட்டி உறைபெட்டியில் வைத்து, எடுக்கும் நாள் காலையில் மட்டும் உக்கும் குப்பையோடு போடுங்கள். பூனைகள் மலம் கழிக்கும் மண்ணை இரண்டு நாளுக்கொருமுறை அள்ளுங்கள். புழு முற்றியதும் ஈர இடத்தை விட்டு நகர்ந்து காய்ந்த மண்ணுக்குள் கூடு கட்டும். மதிலடி மண்ணில் செம்பழுப்பு நிறத்தில் அரிசி போல உருளைகள் கண்டால் அது இலையானின் கூடுதான், மண்ணோடு அள்ளி வெந்நீர் ஊற்றுங்கள்.

ஒழுங்கைப்பூனை · ஏப்ரல் 9, பின்னேரம் 6.05

விளிம்பில்தான் கசிவு, நாடா ஒட்டியாயிற்று. எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. அந்தப் பயந்த பூனையின் வாலடியில் சின்னக் காயம் தெரிகிறது, இலையான் அதில் குந்துகிறது. காயம் காயும்வரை பொறுக்கலாமா?

மருந்துக்கட்டு · ஏப்ரல் 9, பின்னேரம் 6.20

பொறுக்காதேங்கோ தங்கச்சி. காயத்தில் முட்டை போட்டால் நாளைக்குப் புழு, அது உயிருள்ள தசைக்குள்ளும் போகும் இனம் நம் நாட்டில் இருக்கு. காயத்தில் மண்ணெண்ணெய், பாச்சை உருண்டைத் தூள், ரேப்பன்ரைன் எதுவும் ஊற்றாதேங்கோ. பூனை பெட்டிக்குள் தின்னும்போது இரண்டு வாசலையும் பலகையால் மூடிப் பெட்டியோடு தூக்கலாம், பழகின பெட்டி என்றபடியால் பதற்றம் குறைவாக இருக்கும். போத்தலைக் கழற்றி வளையத்தைக் காற்றுக்காகத் திறந்துவிடுங்கோ, மூடியைக் கயிற்றால் கட்டுங்கோ. இன்றிரவு 6.45 சாப்பாட்டுக்கே முயற்சி செய்யுங்கோ, காலையில் மிருக வைத்தியரிடம் காட்டலாம். இரவுக்கு வீட்டுக்குள், நுளம்புவலை போட்ட யன்னலுள்ள அறையில் வையுங்கோ.